கத்தியும் நெருப்பும் நம் கையில்

(ஒரு கிளை நூலகத்தில், பெற்றோரும் அங்கன்வாடிப் பணியாளர்களும் கூடிய நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



யு.கே.ஜி. படிக்கும் பிள்ளையின் டைரியில், 'நாளை ஒரு கைவினைப் பொருள் கொண்டுவரவும்' என்று எழுதி வந்தால் அன்றிரவு வீட்டில் என்ன நடக்கும் என்பது இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். அப்பா ஸ்டேஷனரி கடைக்கு ஓடுவார். தெர்மாகோல், ஃபெவிகால், சார்ட் பேப்பர், ஜிகினாத் தூள். அம்மா பதினொரு மணிவரை உட்கார்ந்து வெட்டுவார், ஒட்டுவார். பிள்ளை எட்டரைக்கே தூங்கியிருக்கும். காலையில் அது தன் பெயர் எழுதிய சூரியக் குடும்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறும். சனிக்கிரகத்தின் வளையம் வழியில் கழன்றுவிடக் கூடாதே என்பது ஒன்றுதான் அதன் கவலை. 'வெரி குட்' அம்மாவுக்கு. தெர்மாகோல் அடுத்த வாரம் குப்பைக்கு.

நான் இன்று பேச வந்தது இதற்கு நேர் எதிரான ஒன்றைப் பற்றி. அந்தந்தப் பருவம் எதைக் கொண்டுவந்து வாசலில் போடுகிறதோ, அதை வைத்துப் பிள்ளைகள் தாங்களே செய்வது. செய்ததை விளையாடித் தீர்ப்பது. இதில் பெரியவர்களுக்கு இரண்டே வேலை. கத்தி பிடிப்பது, நெருப்புக்குப் பக்கத்தில் நிற்பது. வேறு எதிலும் நாம் கைவைக்கக் கூடாது என்பது என் கட்சி. கொஞ்சம் பிடிவாதமான கட்சிதான். ஏன் என்று சொல்கிறேன்.

விளையாட்டுப் பொருள் நமக்குப் புதிதில்லை. பட்டினப்பாலையில் ஒரு காட்சி உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தில் முற்றத்தில் காயப்போட்ட தானியத்தைக் கோழி கொத்த வருகிறது. காவலிருக்கும் பெண் காதிலிருந்த கனத்த குழையைக் கழற்றி எறிகிறாள். அது போய்ப் பிள்ளைகள் உருட்டிவரும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியில் விழுந்து மறிக்கிறது. நகரத்தின் செல்வத்தைச் சொல்ல வந்த புலவர் காதணியைக் காட்டினார். எனக்குக் கண்ணில் படுவது அந்த மூன்று சக்கரம். பெரும்பாணாற்றுப்படையில் வரும் சிறுதேரோ தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்யப்பட்டது. அதை உருட்டி உருட்டிக் களைத்த பிள்ளைகள் செவிலியிடம் பால் குடித்துத் தூங்கிப்போகிறார்கள். பின்னால் வந்த பிள்ளைத்தமிழ், ஆண்பாற் பருவங்களில் கடைசி மூன்றையும் விளையாட்டுக்கே ஒதுக்கியது: சிற்றில், சிறுபறை, சிறுதேர். வீடு கட்டுவது, ஓசை எழுப்புவது, உருட்டிக்கொண்டு ஓடுவது. எந்த ஊரில் எந்தப் பிள்ளையைக் கவனித்தாலும் இந்த மூன்றும் இருக்கும்.

வடமொழி 'மிருச்சகடிக'த்தில் ஒரு மண் வண்டி வருகிறது. பக்கத்து வீட்டுப் பையனின் பொன் வண்டியைப் பார்த்துவிட்டு, தன் மண் வண்டி வேண்டாம் என்று அழுகிறான் ஒரு சிறுவன். வசந்தசேனை தன் நகைகளைக் கழற்றி அந்த மண் வண்டியில் நிரப்புகிறாள், பொன்னில் வண்டி செய்துகொள் என்கிறாள். கதையில் அது அன்பு. கதை நகரவும் அது வேண்டும். ஆனால் வீட்டில் நாம் செய்வதும் ஏறக்குறைய அதுதான். பிள்ளையின் மண் வண்டியில் நம் நகையைக் கொட்டுகிறோம். அப்புறம் அது விளையாடுவதற்கான வண்டியாக இருப்பதில்லை.

சரி, கத்திக்கு வருவோம். சித்திரை, வைகாசியில் சென்னையானாலும் மதுரையானாலும் சாலையோரம் நுங்கு வந்துவிடும். நாம் என்ன செய்கிறோம்? சுளை எடுத்துத் தரச் சொல்லி பாலிதீன் பையில் வாங்கிக்கொண்டு வருகிறோம். அப்படிக் கேட்காதீர்கள். காயின் தலையை மட்டும் சீவித் தரச் சொல்லி முழுக்காயாக வாங்குங்கள். பெருவிரலால் நோண்டிச் சாப்பிடுவதே பாதி விளையாட்டு; சட்டை நனையும், நனையட்டும். சாப்பிட்டு முடித்த இரண்டு காய்தான் சக்கரம். நடுவில் ஒரு முழக்குச்சி அச்சு. நுனி இரண்டாகப் பிரிந்த நீளக் கவைக்குச்சி ஒன்றை அச்சின்மேல் வைத்துத் தள்ளினால் நுங்கு வண்டி. கூர் சீவுவதும் ஓட்டை போடுவதும் நம் வேலை. எந்தக் காய், அச்சு எவ்வளவு நீளம், ஓட்டை எங்கே என்பதெல்லாம் பிள்ளையின் முடிவு.

அந்த 'எங்கே' முக்கியம். ஐந்து வயதுப் பிள்ளை ஓட்டையை நடுவில் காட்டாது, பெரும்பாலும் ஓரத்தில்தான் காட்டும். நமக்கு வாய் துறுதுறுக்கும். பேசாமல் காட்டிய இடத்திலேயே குத்திக்கொடுங்கள். வண்டி நொண்டும். பிள்ளை நாலடி தள்ளும், நிற்கும், குனிந்து பார்க்கும், அடுத்த காயைக் கொண்டுவந்து வேறோர் இடத்தைக் காட்டும். மையம் என்ற ஒன்று இருக்கிறது என்பதை அது தன் கையால் தெரிந்துகொள்ளும் நேரம் அது. நாம் முதலிலேயே நடுவில் குத்திக் கொடுத்திருந்தால் நல்ல வண்டி கிடைத்திருக்கும், அவ்வளவுதான். இரண்டு மூன்று நாளில் காய் வாடிச் சுருங்கி வண்டி செத்துப்போகும். அதற்கும் கவலைப்பட வேண்டாம். பருவம் முடியும்வரை காய் வந்துகொண்டே இருக்கும்.

கையைப் பற்றிப் பேசும்போது உடற்கூற்றில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நம் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறந்த குழந்தைக்கு அவை எலும்பாக இருப்பதில்லை, வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டுக் கடைசி எலும்பு உருவாகத் தொடங்குவதற்கே எட்டு வயதுக்கு மேல், சில பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வயதுகூட ஆகும். இப்படிப்பட்ட கையில்தான் மூன்று வயதில் பென்சிலைத் திணித்து, நான்கு கோட்டு நோட்டில் எழுது என்கிறோம். அந்தக் கைக்கு வேண்டியது பிசைவது, உருட்டுவது, கிழிப்பது, பிழிவது, கிள்ளுவது. களிமண், ஈர மணல், சப்பாத்தி மாவு, உரிக்க வேண்டிய பட்டாணி. இதையெல்லாம் போதுமான அளவு செய்த விரல் பென்சிலைத் தானாகப் பிடிக்கும்.

இந்தக் கிள்ளும் விரலுக்கு மார்கழியைவிட நல்ல வாத்தியார் கிடையாது. கோலமாவைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து ஒரே சீராக விடுவது எத்தனை நுட்பமான வேலை என்பதை நாம் மறந்துவிட்டோம், நமக்குப் பழகிப்போயிற்று. நாலு வயதுப் பிள்ளையிடம் கொடுத்தால் மாவு கட்டி கட்டியாக விழும். வாசலில் ஒரு மூலையை அதற்கென்று விட்டுவிடுங்கள். வரிசையாகப் புள்ளி வைக்கட்டும், அதுவே பெரிய கணக்கு. 1970-களில் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் நம் பெண்கள் போடும் கோலத்துக்குள் இருக்கும் விதிகளைக் கணினியியலின் இலக்கணமாக எழுதினார்கள். உலகம் முழுக்க அந்தத் துறைக்காரர்களுக்குக் கோலம் என்ற பெயர் தெரிய அதுவும் ஒரு காரணம். ஸ்டிக்கர் கோலம் ஒட்டும் வீடுகளைக் குறை சொல்லவில்லை, வேலைக்குப் போகிற பெண்ணுக்கு விடிகாலை நேரம் எங்கே இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் ஸ்டிக்கர் இல்லாமல் இருக்கட்டும் என்கிறேன்.

மார்கழியின் தொடர்ச்சியாக நெல்லை, தூத்துக்குடிப் பக்கம் சிறுவீட்டுப் பொங்கல் என்று ஒன்று உண்டு. இங்கே அந்தப் பக்கத்துக்காரர்கள் சிலர் தலையாட்டுகிறீர்கள், நல்லது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மார்கழி முழுக்கக் கோலத்தின் நடுவில் சாணி உருண்டையில் பூசணிப் பூ வைப்போமில்லையா? அந்த உருண்டைகளைத் தூக்கி எறியாமல் எருவாகத் தட்டிக் காயவைத்துச் சேர்ப்பார்கள். தை பிறந்து பெரிய பொங்கல் முடிந்தபிறகு, வாசலில் மண்ணைக் குழைத்து ஒரு சாண் உயரத்துக்குச் சுவர் எழுப்பிச் சிறுவீடு கட்டுவார்கள். வாசல், கூடம், அடுப்பங்கரை எல்லாம் உண்டு. அதற்குள் சின்ன அடுப்பில், சின்னப் பானையில் பிள்ளைகள் பொங்கலிடுவார்கள். பிறகு பொங்கலையும் அந்தப் பூ எருவையும் கற்பூரம் ஏற்றி ஆற்றில் விடுவார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது, இது ஒப்புக்குச் செய்வது இல்லை என்பது. அடுப்பு நிஜம். பானை நிஜம், அளவுதான் சிறிது. பொங்கி வருவதும் நிஜம். வீட்டிலிருக்கும் பெரியவர்கள் அதை வாங்கிச் சாப்பிடுகிறார்கள். ஒரு மாதமாகச் சேர்த்துவைத்த பொருளுக்கு ஒரு முடிவு இருக்கிறது. நாள் குறித்து வரும், வந்ததும் முடியும். இன்று கடையில் விற்கும் 'கிச்சன் செட்'டில் பிளாஸ்டிக் கேஸ் அடுப்பு இருக்கிறது, நீலமாக விளக்குகூட எரிகிறது. எதுவும் பொங்காது. அரைமணியில் பிள்ளை அதைத் தூக்கிப் போட்டுவிட்டு நிஜ அடுப்படிக்கு வந்து நம் காலைக் கட்டிக்கொள்கிறது. பிள்ளைமேல் தப்பு சொல்ல முடியுமா?

அடுத்தது நெருப்பு. கார்த்திகை தீபத்தன்று மாவலி சுற்றுவதைப் பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர் இருப்பீர்கள் என்று தெரியவில்லை. சில ஊர்களில் கார்த்திகைச் சுற்று என்பார்கள். ஆண்பனையில் காய் வராது. விரல் விரலாகப் பூக்கதிர்தான் தொங்கும், காய்ந்து கீழே விழும். அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து, குழி தோண்டி அதிலிட்டுக் கொளுத்தி, நன்றாகப் பற்றியதும் மண்ணைப் போட்டு மூடிவிட வேண்டும். காற்றுப் போகாததால் சாம்பலாகாமல் கரியாக நிற்கும். மறுநாள் எடுத்து இடித்துத் தூளாக்கி, பழைய வேட்டித் துணியில் போட்டு, ஒரு சாண் நீளத்துக்கு உருளையாக இறுகச் சுருட்டி நூலால் கட்ட வேண்டும். பச்சைப் பனைமட்டையைப் பிளந்து அந்த உருளையை நடுவில் வைத்து இறுக்கி, மட்டையின் நுனியில் நீளக் கயிறு. உருளையின் தலையில் ஒரு தணலை வைத்துக் கயிற்றைப் பிடித்துத் தலைக்குமேல் சுற்றினால், காற்று பட்டுக் கரி கனன்று பொறிப்பொறியாக உதிரும். இருட்டில் வட்டமாகத் தீப்பூ. பட்டாசு மாதிரி ஓசை கிடையாது. கடையில் ஒரு பொருளும் வாங்க வேண்டாம்.

இந்த ஒரு பொருளில் எத்தனை வயதுக்கு எத்தனை வேலை இருக்கிறது என்று பாருங்கள். பூப் பொறுக்குவது மூன்று வயதுக்கு. கரி இடிப்பது ஐந்து வயதுக்கு. கை, மூக்கு, கன்னம் எல்லாம் கறுப்பாகும், அந்தச் சந்தோஷத்துக்கு ஈடு கிடையாது. துணியில் அடைத்துச் சுருட்டுவது ஏழெட்டு வயதுக்கு. குழியைக் கொளுத்துவதும் மட்டையைப் பிளப்பதும் பெரியவர்களுக்கு. சுற்றுவது கை முற்றிய அண்ணன் அக்காமாருக்கு, அதுவும் பருத்தி உடை போட்டுக்கொண்டு, திறந்த வெளியில், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரோடு. சின்னது தள்ளி நின்று பார்க்கும். அடுத்த வருஷம் நான் துணி சுற்றுவேன், அதற்கடுத்த வருஷம் நான் சுழற்றுவேன் என்று அதற்கு ஒரு வரிசை தெரியும். இப்படி வருஷத்துக்கு ஒரு படியாக ஏறும் விளையாட்டு நம் வீடுகளில் அருகிவிட்டது. 'மூன்று வயது முதல் ஐந்து வயதுவரை' என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து வரும் சாமானில் அது கிடைக்காது.

இவ்வளவு சொன்னதும், பழைய காலம் பொற்காலம் என்று பேச வந்தவள் என நினைத்துவிடாதீர்கள். இரண்டு விஷயம் எனக்கு உறுத்துகிறது. பிள்ளைத்தமிழில் சிற்றில் பருவம் ஆண் குழந்தைக்கு உரியதுதான், ஆனால் அவன் கட்டுவதில்லை. சிறுமிகள் மணலில் கட்டிய வீட்டை அவன் சிதைக்கிறான். சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியிலும் அந்தக் கெஞ்சல் வருகிறது. பாட்டாகக் கேட்க இனிமைதான். வீட்டில் நடந்தால் அந்தப் பயலைக் கூப்பிட்டு உட்காரவைத்து மண் குழைக்கச் சொல்ல வேண்டும். பெண்ணுக்கு அடுப்பு, பையனுக்குத் தேர் என்று பிரித்துவைத்ததை நாமும் தூக்கிச் சுமக்க வேண்டிய அவசியமில்லை. சிறுவீட்டில் அவனும் பானை வைக்கட்டும், மாவலியை அவளும் சுற்றட்டும்.

இன்னொன்று, ஆடிப்பெருக்கு. தஞ்சை, குடந்தைப் பக்கம் பிள்ளைகள் மரத்தால் ஆன சின்னச் சப்பரத்தில் வண்ணத்தாள் ஒட்டி, சாமி படம் வைத்து, கயிறு கட்டிக் காவிரிக் கரைக்கு இழுத்துப் போவார்கள். சங்க காலத்துச் சிறுதேர் இன்றும் ஓடுகிற தெரு அது. ஆனால் ஊரின் எல்லாப் பிள்ளைகளும் எல்லாத் தெருவிலும் தேர் இழுத்து, எல்லாப் படித்துறையிலும் இறங்க முடிந்த காலம் நெடுங்காலம் இருந்ததில்லை. அதனால் பழையதை மீட்கிறோம் என்று யாராவது சொன்னால், யாருடைய பழையதை என்று கேட்டுவிட்டே கையைத் தூக்குங்கள். பனைமரமும் களிமண்ணும் எல்லோருக்கும் பொது. அதிலிருந்து தொடங்குவது நல்லது.

காற்றுக்கும் சாதி கிடையாது. தமிழ்நாட்டில் ஆடிக்காற்றில் பட்டம் ஏறும். யாழ்ப்பாணத்தில் பட்டக்காலம் வேறு. வாடைக்காற்று வீசும் மார்கழி, தையில்தான் அங்கே வானம் நிறையும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பறக்கும் பட்டங்களைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். ஒரே தமிழ்ப் பிள்ளை, ஒரே மூங்கில் ஈர்க்கு, ஒரே பசை. காற்று எப்போது வருகிறதோ அப்போது விளையாட்டு. சின்னப் பிள்ளைகளுக்கு நோட்டுத்தாளில் வால் ஒட்டிய பட்டம் போதும். ஓலைக் காற்றாடி அதைவிட எளிது: இரண்டு பனையோலைத் துண்டைக் குறுக்காக வைத்து, நடுவில் ஒரு முள்ளைக் குத்திக் குச்சியில் செருகி ஓட வேண்டியதுதான். மாஞ்சா நூல் மட்டும் வீட்டுக்குள் நுழையக் கூடாது. கண்ணாடித்தூள் பூசிய அந்த நூல் சாலையில் போனவர்களின் கழுத்தை அறுத்து உயிரைக் குடித்திருக்கிறது. சென்னையில் அதற்குத் தடை இருக்கிறது. பசையை மைதாவில் நீங்களே காய்ச்சுங்கள். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்க அதில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம். பிள்ளை கைக்குப் போகும் பசையில் அது வேண்டாம். கெட்டுப்போனால் புதிதாகக் காய்ச்சிக்கொள்ளலாம்.

மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறோம், பனைக்கும் குழிக்கும் எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை பெய்து, பள்ளிக்கு விடுமுறை விட்டு, பிள்ளைகள் வீட்டைத் தலைகீழாக்கும் நாளை எடுத்துக்கொள்வோம். காகிதக் கப்பல் செய்ய யாரும் பாடத்திட்டம் போட்டதில்லை, இருந்தும் தலைமுறை தலைமுறையாக வருகிறது. கப்பலும் சலித்த பிறகு சமையலறைக்கு வாருங்கள். மஞ்சள்தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து வெள்ளைத்தாளில் பூசிக் காயவிடுங்கள். ஒரு கிண்ணத்தில் ஆப்ப சோடாவைக் கரைத்து, காது குடையும் பஞ்சுக்குச்சியைக் கையில் கொடுத்து, 'இந்தத் தண்ணீரால் எழுது' என்று மட்டும் சொல்லுங்கள். நிறமில்லாத தண்ணீர் பட்ட இடம் செங்கல் நிறமாகும். பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும் அப்போது. பிறகு எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு. சிவப்பு மறுபடி மஞ்சளாகும். ஆரத்தித் தட்டில் நாம் காலங்காலமாகச் செய்ததுதான். சுண்ணாம்பு கண்ணைக் கெடுக்கும் என்பதால் சோடாவுக்கு மாறிக்கொள்கிறோம். பால்கனித் தொட்டியில் சங்குப்பூ இருந்தால் அந்த நீலத்தையும் எலுமிச்சையிடம் அனுப்பிப் பாருங்கள். என்ன நிறமாகும் என்று நான் சொல்லப்போவதில்லை.

நவராத்திரிக் கொலுவுக்குக் கீழே பிள்ளைகள் கட்டும் பார்க்கும் மாடி வீட்டுக்குத் தோதானதுதான். ஒரு வாரம் முன்னால் பழைய தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகும் கடுகும் தூவிவிட்டால், கொலு நாளில் பச்சைப் புல்வெளி தயார். கண்ணாடித் துண்டுக்குப் பதில் எவர்சில்வர் மூடி குளமாகட்டும். டிசம்பரில் குடிலுக்காக இப்படியே முளைக்க வைக்கிற வீடுகளும் உண்டு.

ஆங்கிலேயக் கலைஞர் சைமன் நிக்கல்சன் 1971-இல் ஒரு கட்டுரை எழுதினார். உதிரிப் பொருள் எந்த அளவுக்குச் சுற்றி இருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் மனிதர்களின் படைப்பாற்றலும் கண்டுபிடிப்பும் என்பது அவர் வாதம். முடிந்த பொம்மை ஒரு வேலைதான் செய்யும். கொட்டாங்குச்சி படகாகும், தொப்பியாகும், தராசுத் தட்டாகும், மணல் இட்லிக்கு அச்சாகும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா சைக்கிள் வால்வு டியூபையும் தீக்குச்சியையும் வைத்து வடிவியல் கற்பித்தார். வாழ்நாள் முழுக்கக் குப்பையிலிருந்து பொம்மை செய்த அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கி, அங்குள்ள பிள்ளைகளோடு செடி, பூச்சி, கல் என்று கண்ணில் பட்டதையெல்லாம் பாடமாக்கினார். ஆயிரம் ரூபாய்க்கு 'மாண்டிசோரி கிட்' வாங்குகிறவர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு. அவர்களுக்குப் பிடிப்பதில்லை.

இப்போது ஆவணி. பிள்ளையார் சதுர்த்தி வரப்போகிறது, களிமண் எல்லா ஊரிலும் கிடைக்கும் ஒரே வாரம். மரப்பலகையில் அச்சில் அழுத்தித் தரும் பிள்ளையாரைப் பூசைக்கு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் குயவரிடமே இரண்டு உருண்டை வெறும் களிமண்ணும் கேட்டு வாங்குங்கள். பதம் பார்ப்பது எளிது: பென்சில் கனத்துக்கு ஒரு திரி உருட்டி விரலைச் சுற்றி வளைத்துப் பாருங்கள். வெடித்தால் தண்ணீர் தெளிக்க வேண்டும், உள்ளங்கையில் ஒட்டினால் காற்றாடப் போட வேண்டும். மிச்சத்தை ஈரச்சாக்கில் சுற்றி வையுங்கள்.

மூன்று எச்சரிக்கை. கண்ணுக்குக் குன்றிமணி வேண்டாம். அழகாகத்தான் இருக்கும், அதன் பருப்பில் அப்ரின் என்ற கொடிய நச்சு இருக்கிறது, பிள்ளை கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. தோலுள்ள கறுப்பு உளுந்து போதும். எருக்கம்பூ மாலையை நீங்களே தொடுங்கள், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். மூன்று வயதுக்குக் கீழே ஒரு தம்பியோ தங்கையோ தவழ்ந்துகொண்டிருந்தால் உளுந்து, புளியங்கொட்டை எதுவுமே கீழே வேண்டாம், தொண்டையில் சிக்கும்.

மற்றபடி விட்டுவிடுங்கள். பிள்ளை தொந்தியை முதலில் உருட்டும். தலையை அதைவிடப் பெரிதாக வைக்கும். தும்பிக்கை விழும், மறுபடி ஒட்டும், மறுபடி விழும். பிறகு சலித்துப்போய் எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து பாம்பு செய்யும். பிள்ளையாரை ஏன் அழித்தாய் என்று கேட்காதீர்கள். இன்னும் சில நாளில் நாமும் கரைக்கத்தானே போகிறோம்? பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகள் கூடாது என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. களிமண்ணுக்கு எந்த வழிகாட்டுதலும் தேவைப்படவில்லை. வாளித் தண்ணீரில் கரைத்துத் துளசிக்கு ஊற்றிவிடலாம்.

பேச்சு நீண்டுவிட்டது. பிள்ளைகள் அரைமணியாகப் புத்தக அலமாரிகளைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கிறார்கள், நூலகர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். பின்கட்டு வராந்தாவில் சாக்கு விரித்து இரண்டு கூடை களிமண் வைத்திருக்கிறோம். பிள்ளைகளை முதலில் அனுப்புங்கள். பெரியவர்கள் சுவரோரம் நாற்காலியில் உட்காரலாம். கை ஊறினால் உங்களுக்கென்று தனியாக ஒரு உருண்டை இருக்கிறது, பிள்ளையுடையதைத் தொட வேண்டாம். கை கழுவக் குழாய் படிக்கட்டுக்குக் கீழே.